சாயங்காலத்துப் பதில்

மோட்டார்காரரிடம் காலையில் ஒன்று கேட்டால் சாயங்காலம் பதில் வரும். தெருவில் இருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். புதிதாக வந்து மாட்டிக்கொள்கிறவர்கள்தான், "என்னங்க இது, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்காரு மனுஷன்" என்று படியேறி வந்து என்னிடம் புலம்புவார்கள். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள். துணி தைத்துப் பிழைக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகியும் ஆகாதது மாதிரி ஆன கதை இங்கே வேண்டாம். கீழ் வீட்டுக் கதையே போதும்.

அவர் செய்கிற வேலை அப்படிப்பட்டது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். தண்ணீர் இறைக்கிற மோட்டார், மாவு மில் மோட்டார், மிக்ஸி, மேஜை விசிறி என்று எல்லாம் வரும். ஒவ்வொரு கம்பிச் சுருளுக்கும், காயில் என்பார்கள், இத்தனை சுற்று என்று கணக்கு உண்டு. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சுற்றை எண்ணிக் காட்டுகிற மீட்டர் வைத்த மெஷின் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவரிடமே ஒன்று உண்டு, மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். கேட்டால், மீட்டர் தூங்கும், நான் தூங்க மாட்டேன் என்பார். வலது கை கைப்பிடியைச் சுழற்றும். இடது கை கம்பியை அளந்து விடும். மனசுக்குள் எண் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கூரையே இடிந்து விழுந்தாலும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தவள் ஒரு நிமிஷம் வாயை மூடாதவள்.

அண்ணி என்றுதான் நான் கூப்பிடுவேன். முன்னறைதான் பட்டறை. காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனையும் கருகல் வாசனையும் கலந்து சுவரிலேயே ஊறிப்போயிருக்கும். ஜன்னலோரம் அவருடைய முக்காலி. எதிரில் பலகையைப் போட்டுக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருப்பாள். கம்பி உட்காருகிற காடிகளுக்கு அளவாகக் காகிதம் வெட்டி மடித்துச் செருகுவது, சுற்றி முடித்த காயிலை நூலால் இறுக்கிக் கட்டுவது, இரண்டும் அவள் கை வேலை. அவர் கட்டினால் முடிச்சு முழியாக நிற்கும். அவள் கட்டினால் முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கை வேலையைப் பார்க்கும், வாய் அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். எதிர் வீட்டில் புதுத் திரைச்சீலை போட்டது, பால் தண்ணியாக வந்தது, நேற்றுக் கனவில் செத்துப்போன அவள் அம்மா வந்து உப்புக் கேட்டது, தனக்கு முழங்கால் வலிப்பது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லுவாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். அந்த ஆசையை வாழ வந்த புதுசிலேயே விட்டுவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவர் காதில் விழவில்லை என்று நினைத்தால் அங்கேதான் ஏமாந்துபோவோம். பொழுது சாய்ந்ததும் கைப்பிடியை நிறுத்திவிட்டு, கையில் அப்பிக்கிடக்கிற வார்னிஷை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பிட உட்காருவார். முதல் கவளம் உள்ளே போனதும் பதில் வர ஆரம்பிக்கும். காலையில் அவள் சொன்ன வரிசையிலேயே வரும்.

"பால்காரனை மாத்த வேணாம். பாவம், மாடு நோவுல கெடக்குதாம்."

"எந்தப் பால்காரனைங்க?"

"நீதானே காலையில சொன்னே."

"நானா சொன்னேன்?"

அவளுக்கே மறந்திருக்கும். அடுத்தது திரைச்சீலைக்கு வரும், அதற்கடுத்தது முழங்காலுக்கு. "எண்ணெய் தேய்க்கிறேன், படுக்கும்போது சொல்லு" என்பார். மாடியில் என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அவர்கள் சாப்பிடுகிற இடம். ஒளிந்து கேட்கிற பழக்கம் எனக்கில்லை, ஜன்னலை மூடுகிற பழக்கமும் இல்லை. பகலெல்லாம் ஒரு கட்சி பேச, ராத்திரி இன்னொரு கட்சி பதில் சொல்ல, முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பம் இப்படித்தான் நடந்தது. நானும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள்தானே, அந்தப் பதில்களைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன் என்றே சொல்லலாம்.

அவர்களுக்கு ஒரே பெண். கட்டிக்கொடுத்தது ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் போகிற தூரத்தில். அவளுக்குப் பிரசவ நேரம் வந்தபோது அண்ணி மூன்று மாதத்துக்கு என்று கிளம்பிப் போனாள். போகிற அன்றைக்கு மூன்று மாதத்துக்கு வேண்டிய காகிதத்தை வெட்டி மடித்து, அளவு வாரியாகக் கட்டி வைத்துவிட்டுப் போனாள். மூன்று மாதம் ஆறாயிற்று. குழந்தைக்குச் சளி, அப்புறம் மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை, அப்புறம் பல் முளைக்கிற காய்ச்சல். ஒவ்வொன்றும் நியாயமான காரணம். நியாயமான காரணங்களை வைத்தே ஒரு மனுஷியை வருஷக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெட்டி வைத்த காகிதம் தீர்ந்ததும் அவரே வெட்டிக்கொண்டார். நூலையும் அவரே கட்டினார். சோறும் அவரே பொங்கினார். பாதி நாள் அடிப்பிடித்த வாசனை மாடிவரைக்கும் வரும். நான் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தால், இதோ இருக்குதே என்று மூடியைத் தூக்கிக் காட்டுவார். வேகாத உருளைக்கிழங்கும் மேலே ஒரு முட்டையும் இருக்கும். பிடி கொடுக்கவே மாட்டார்.

தினமும் முற்பகலில், குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து அண்ணி போன் பண்ணுவாள். அவர் ஸ்பீக்கரில் போட்டு, அவளுடைய பலகை மேல் போனை வைத்துவிட்டுக் கைப்பிடியைச் சுழற்ற உட்காருவார். அவள் பேசுவாள். அங்கேயிருக்கிற குழாய் சொட்டுகிறது, மூன்றாம் மாடி என்பதால் மண்ணையே மிதிக்க முடியவில்லை, குழந்தை அவளைப் பார்த்து மட்டும் ஒரு விதமாகச் சிரிக்கிறது. அவர் எண்ணிக்கொண்டே கேட்பார். போனை வைக்கப்போகும்போது அவள் கேட்கிற ஒன்றே ஒன்றுக்கு மட்டும், வரும் என்று தெரிந்து காயிலை முடித்து வைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

"சாப்பாடெல்லாம் எப்படிங்க?"

"ஜமாய்ச்சிட்டேன். எல்லாம் ஜோரா நடக்குது. நீ கவலைப்படாதே."

இதை அவர் ஒரு தர்மமாகவே செய்தார். பெண்டாட்டி தூரத்தில் இருக்கும்போது அவள் மனசில் பாரம் ஏற்றக்கூடாது என்று அவருக்கு எண்ணம். அங்கே அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள் என்று யோசிக்கவில்லை. ஆம்பிளைகளுக்கு ஒன்றை யோசித்தால் இன்னொன்றை யோசிக்க வராது.

சாயங்காலம்தான் சங்கடம். அவர் வாய் திறக்கிற நேரத்தில் அங்கே மாப்பிள்ளை வந்திருப்பார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற அமளி, டிவி சத்தம். இவர் போன் பண்ணினால் அண்ணி, "ம், அப்புறம், சரிங்க, வச்சிடறேன்" என்று முடித்துவிடுவாள். இரண்டு மூன்று தடவை பண்ணிப் பார்த்து அவரும் விட்டுவிட்டார். ஆனால் சொல்ல வேண்டிய பதில்கள் உள்ளே சும்மா இருக்குமா? ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கீழே குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் போல என்று எட்டிப் பார்த்தேன். தட்டுக்கு முன்னால் அவர் ஒருத்தர்தான். "வாஷர் தேஞ்சிருக்கும். மாப்பிள்ளையை வாங்கியாரச் சொல்லு" என்றார். ஒரு வாய் சாப்பிட்டார். "மூணாவது மாடின்னா அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கீழே எறங்கி நட" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது முதலில். அப்புறம் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

மழைக்காலம் வந்தது. அந்தக் காலத்தில்தான் அவருக்கு வேலை குவியும். தண்ணீர் புகுந்து மோட்டார்கள் வரிசையாகப் புகைந்துபோய் வந்து சேரும். வாசலில் கால் வைக்க இடமிருக்காது. மழை ஈரத்தில் வார்னிஷ் காயாது. பெரிய பல்பு ஒன்றைப் போட்டு அதன் சூட்டில் காயில்களைக் காயவைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சமயத்தில் என் தையல் மெஷின் மோட்டாரும் உயிரை விட்டது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாவு மில் மோட்டார் ஒன்று மேஜை மேல் கிடந்தது. மில்காரர் காலையிலிருந்து ஆளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார், மில் நின்றுபோய்க் கிடக்கிறது. மோட்டார்காரர் எனக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. ஒரு காயில் முடிந்த நேரம். எட்டி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு அடுத்ததற்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தாள். குழந்தைக்கு நாலாவது பல் வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரி யாரோடும் பேசுவதில்லை, ஆனால் நேற்று லிஃப்டில் சிரித்தாள். மழை அங்கேயும் உண்டாம், துணி காயவில்லையாம். பிறகு குரல் கொஞ்சம் மாறியது.

"ஏங்க, இவளுக்கு வேலை கெடைச்சிருக்கு. படிச்ச படிப்புக்குத் தகுந்த வேலை. நாளைக்குள்ள சேரறேனா இல்லையான்னு சொல்லணுமாம். குழந்தை பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் இருந்தா சேர்ந்துடறேங்கறா. அதுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். அப்பாவைக் கேக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்னுட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?"

கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. பதில் வரட்டும் என்று அங்கே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வேர்த்துவிட்டது. காதில் விழுந்துவிட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் கை நிற்கவில்லை. சுற்றை நடுவில் விட்டு அந்தக் கைக்குப் பழக்கமே கிடையாது. வெளியே மழைச் சத்தம், உள்ளே கைப்பிடியின் கடகட சத்தம். நான் குறுக்கே பேசலாமா என்று நினைத்து, புருஷன் பெண்டாட்டி சங்கதி என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டதும் அதிசயம்தான்.

"சரிங்க," என்றாள் அண்ணி. "அப்ப நான் அவகிட்ட சொல்லிடறேன்." வைத்துவிட்டாள்.

அவர் அந்தக் காயிலை முடித்தார். கம்பியைக் கத்தரித்தார். நுனியை மடக்கினார். பிறகு நிமிர்ந்து பலகை மேல் இருந்த போனைப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது," என்றேன். "அண்ணி கேட்டாங்கல்ல?"

"கேட்டுச்சு."

"பதில் சொல்ல வேணாமா?"

"சாயங்காலம் சொல்லிக்கலாம்."

"சாயங்காலம் சொல்றதுக்கு உங்க வீட்டுல யாரு இருக்கா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அப்போதுதான் அவருக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். போனை எடுத்து அழுத்தினார். லைன் கிடைக்கவில்லை. மழையினாலோ என்னவோ. கிடைத்தபோது மகள் எடுத்தாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா, நான் உடனே ஆபீசுக்குச் சொல்லிட்டேம்பா. அப்பா ஒண்ணுமே மறுத்துச் சொல்லலைன்னு அம்மா சொன்னாங்க. நீங்க எப்படிப்பா தனியா இருப்பீங்கன்னு நான்தான் பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவர் நல்லது, நல்லது என்றார். ஆபீஸ் எவ்வளவு தூரம், பஸ் இருக்கிறதா என்று விசாரித்தார். அங்கே கரண்ட் அடிக்கடி போகிறதா என்றும் கேட்டார். கரண்ட்டைப் பற்றிக் கேட்க இதுவா நேரம்?

அன்றைக்குச் சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கேட்டது. சாப்பிட்டு முடிக்கப்போகும்போது, "வேணாம். வந்துடு" என்றார். அவ்வளவுதான். தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. இறங்கிப் போனேன். அவர் திண்டாடித் திண்டாடிக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணியின் பலகையில் உட்காராமல் ஒரு பழைய மோட்டார் மேல் உட்கார்ந்தேன்.

"தட்டுகிட்ட சொல்றதை அங்கே சொல்லக்கூடாதா?"

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"தெருவுக்கே கேட்டுச்சு." பொய்தான். தெருவில் மழை.

கொஞ்ச நேரம் மடித்ததையே மடித்தார். "எப்படிச் சொல்றது மாடியம்மா?" என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "பொண்ணு வேலைக்குப் போறா. நல்ல விஷயம். அதை நான் எப்படிக் கெடுக்கறது?"

"கெடுக்கச் சொல்லலை. உங்க மனசுல இருக்கறதைச் சொல்லச் சொல்றேன்."

"சொன்னா வந்துடுவா. வந்தா பொண்ணு வேலை போயிடும்."

"அப்ப சொல்லாதீங்க."

"சொல்லாமலும் இருக்க முடியலையே."

"அப்ப சொல்லுங்க."

"நீங்க ரெண்டையும் சொன்னா எப்படி?" என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அப்புறம் தணிந்து, "ஒரு காரணம் வேணும்ல?" என்றார். "சும்மா வா, வான்னா? சோறு பொங்க ஆளில்லைன்னு சொல்லலாம்னா, ஜமாய்ச்சிட்டேன், ஜமாய்ச்சிட்டேன்னு நானே சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லலாம்னா, தும்மல்கூட வரமாட்டேங்குது. மழையில நனைஞ்சுகூடப் பாத்துட்டேன்."

"நனைஞ்சீங்களா?"

"முந்தாநேத்து. ஒண்ணும் ஆகலை."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்த வயசில் மழையில் போய் நின்றிருக்கிறார், காய்ச்சல் வந்தால் பெண்டாட்டி வருவாள் என்று.

"சோத்துக்காகவா அண்ணே அவங்க வேணும்?"

"சேச்சே."

"நூல் கட்டவா?"

"நானே கட்டிக்கறேனே."

"அப்புறம் எதுக்கு?"

எதிரே இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பகல்ல போன்ல பேசுறா, நான் கேக்கறேன்," என்றார் கடைசியாக. "அதுல கொறை ஒண்ணுமில்ல. பொழுது சாஞ்சா நான் பேசறதை யாரு கேக்கறா? அவ மட்டும்தான் கேட்டுக்கிட்டிருந்தா. வேற யாருகிட்டயும் எனக்குப் பேச வராது. உங்ககிட்டயே இன்னைக்குத்தான் இவ்வளவு பேசறேன்."

"இதையேதான் அண்ணே அங்கே போய்ச் சொல்லணும்."

"போன்லயா? அங்க எல்லாரும் கேப்பாங்களே."

"நேர்ல போங்க. காரணம் எதுவும் சொல்லாம கேளுங்க. வருவாங்களோ மாட்டாங்களோ, கேக்கவே இல்லைன்னு ஒரு குறை அவங்களுக்கு இருக்கக்கூடாது."

மழை விடட்டும் என்றார். வேலை முடியட்டும் என்றார். ஆறப்போட்டு விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் மழை விட்ட கையோடு ஒரு காலையில் பட்டறைக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். சலவைச் சட்டை, தலையைப் படிய வாரி, கையில் ஒரு பை. குழந்தைக்கு என்று அவரே சுற்றிய மோட்டார் வைத்துச் சின்ன விசிறி ஒன்று செய்திருந்தார். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று கேலி பண்ணினேன். காது சிவந்துபோயிற்று மனுஷனுக்கு.

அவர் போன பிறகு கீழ் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. வேலை கொடுத்தவர்கள் என்னிடம் வந்து சத்தம் போட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறார், பெண்டாட்டியைக் கூப்பிட்டு வர, என்று எல்லாரிடமும் சொன்னேன். மாவு மில்காரர் மட்டும், "நல்லது, போய்ட்டு வரட்டும்" என்றார். நான் கீழ் வீட்டைத் திறந்து பெருக்கினேன், பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அண்ணி வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்னைத்தான் ஏசுவாள்.

அவர் திரும்பி வந்தது ஒரு மத்தியானம். ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனையில் அவர் வருகிறார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். யாருமில்லை.

டீ போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினேன். சட்டையைக்கூட மாற்றாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

போனதும் சொட்டுகிற குழாயைச் சரிபண்ணினாராம். அப்புறம் மிக்ஸி, அப்புறம் அழைப்பு மணி, அப்புறம் அங்கே மேல் தளத்து வீட்டுக்காரர்களுடைய விசிறி. மகள் காலையில் வேலைக்குப் போய்விடுகிறாள், மாப்பிள்ளையும் போய்விடுகிறார். அண்ணியும் குழந்தையும் அவரும்தான். சரிபண்ண எல்லாம் தீர்ந்துபோனதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கையில் வேலை இல்லாமல் அவள் எதிரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் வழக்கம்போலப் பேசிக்கொண்டே போக, இவருக்கு எண்ணுவதற்கு ஒன்றுமில்லாததால் அப்போதைக்கப்போதே பதில் சொல்லிவிட்டாராம். அவள் திடுக்கிட்டு, "என்னங்க, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம்.

"நல்லா இருந்துச்சு மாடியம்மா," என்றார். "அவ சொல்ல நான் சொல்ல, நான் சொல்ல அவ சொல்ல. இப்படி ஒண்ணு இருக்கறது தெரியாமப் போச்சே."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

கிளம்புகிறதற்கு முந்தின நாள், பால்கனியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு நீ வேணும், வீட்டுக்கு வந்துடு" என்றாராம். அதை என்னிடம் திரும்பச் சொல்வதற்கே தலையைக் குனிந்துகொண்டார். அவள் கையிலிருந்த துணியை உதறிப் போட்டாள், அடுத்ததை எடுத்தாள், அதையும் உதறிப் போட்டாள். வாய் ஓயாதவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளி காலியானதும் உள்ளே போய்விட்டாள். ராத்திரியும் பேசவில்லை. மகள் ஆபீஸ் கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கக்கூடாதோ என்று இவருக்குத் தூக்கமில்லை.

கிளம்பும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கீழே வரைக்கும் வந்தாளாம். ஆட்டோ நிற்கிறது. அப்போதுதான் சொல்லியிருக்கிறாள்.

"வார்த்தை குடுத்துட்டேங்க. இப்ப நான் வந்தா இவ வேலையை விட்டுட்டு உக்காரணும். என்னால அது முடியாது."

"தெரியும்" என்றாராம் இவர்.

"அங்க எல்லாம் ஜோரா நடக்குது, நான் இல்லாமலே நடக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வருத்தத்துலயே நாளை ஓட்டிட்டேன். யாருக்கும் வேணாத ஆளு எங்க இருந்தா என்னன்னு. இப்ப வந்து வேணும்னு சொல்லிட்டீங்களே. இன்னும் ரெண்டு வருஷத்தை நான் எப்படிங்க ஓட்டுவேன்?"

ஆட்டோக்காரர் கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறார். இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ரயிலில் வருகிற வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாராம்.

"அதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்?" என்று என்னைக் கேட்டார்.

போய்க் கேளுங்கள் என்று விரட்டியவள் நான்தான். ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்கிறவள். டம்ளரை எடுத்துக்கொண்டேன். கேட்கச் சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வேண்டும் என்று ஒருத்தர் சொன்ன பிறகு தூரம் கூடிப்போகிறது. இதை அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன்.

மறுநாள் முற்பகலில், மழையில் கொடுத்த என் மெஷின் மோட்டாரை வாங்கிப்போக இறங்கினேன். கதவருகில் போகும்போது போன் அடித்தது. வேலை குவிந்து கிடந்தும் அவர் எதையும் தொடாமல் இருந்தார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, பலகையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "நல்லபடியா வந்து சேந்தீங்களா?" என்றாள் அண்ணி. சேர்ந்தேன் என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடமிருந்து பல்லைப் பற்றியும் இல்லை, எதிர் வீட்டுக்காரியைப் பற்றியும் இல்லை. குழந்தை ஏதோ மழலையில் பேசியது கேட்டது. அங்கே தெருவில் ஒரு வண்டி போனது. நான் வாசலிலேயே நின்றேன்.

"வச்சிடட்டுங்களா?" என்றாள்.

"வேணாம்" என்றார். அவள் கேட்டு வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டார்.

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. நான் மோட்டாரை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று மாடிக்கு ஏறி வந்துவிட்டேன்.